கீறல் போடும் வேலை

1

பாலத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான், வேலைக் கையுறைகளைக் கழற்றாமலே நடந்துகொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தேன். சப்பாத்து முழுவதும் மரத்தூள். திரும்பிப் பார்த்தால் அந்தச் செங்கல் கட்டடம் தெரியும். அதன் நெற்றியில் இன்னும் பாதி எழுத்துகளே பொருத்தப்பட்ட ஹோட்டல் பெயரும் தெரியும். நான் திரும்பவில்லை. ஒரு வேலையை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. பேருந்தில், லொறியில், கப்பலில் என்று எத்தனையோ இடங்களை விட்டுப் போயிருக்கிறேன். கால்களுக்கு அந்த வேலை தெரியும்.

கைத்தொலைபேசி துடித்தது. மகள். எடுக்கவில்லை. நின்றது, மறுபடியும் துடித்தது. ஹம்பேர்க் துறைமுகக் கால்வாயில் தண்ணீர் தேயிலைச் சாயம் போல ஓடிக்கொண்டிருந்தது. இளவேனில் என்று நாட்காட்டி சொன்னது, காற்றுக்கு அது தெரியவில்லை.

முன்பெல்லாம் நான் ஒரு வேலையை விட்டால் போவது என் வேலை மட்டும். இந்த முறை நான் நடந்தது மகளின் வேலை போகக் கூடாது என்பதற்காக. அவள் பெயர் டிலானி. அந்த ஹோட்டலில் அவள் சேர்ந்து தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. அந்தக் காலத்துக்குள் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். “இந்த ஆளை உள்ளே கொண்டு வந்தது யார்?” என்று யாரும் கேட்பதற்கு முன் ஆளே இல்லாமல் போய்விட்டால், கேள்வியும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன்.

2

மன்னாரிலிருந்து மனைவியின் தம்பி தொலைபேசியில் கேட்டான்: “அத்தான், ஹோட்டல் வேலையாமே. கோட்டு, ரை எல்லாம் கட்டுறியளோ?”

“கோட்டு இல்லையடா, மூக்குக்குத் துணி” என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அவனுக்காகவும் அவனைப் போலக் கேட்கிற மற்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே ஹோட்டல் என்றால் புதிதாகக் கட்டுவது என்று நினைக்க வேண்டாம். துறைமுகத்தில் கோப்பியும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்த களஞ்சியங்கள் வரிசையாக நிற்கின்றன. கொள்கலன்கள் வந்த பிறகு மூட்டையும் இல்லை, மூட்டை தூக்குகிற ஆளும் இல்லை. புறாக்கள் குடியிருந்தன. இப்போது அவற்றில் ஒன்றை ஒரு கம்பனி வாங்கி ஹோட்டலாக்கியது. இடிக்கவில்லை. இரும்புத் தூண், கூரை ஓரத்துப் பாரம் தூக்கி, மூட்டை தொங்கிய கொக்கி எல்லாவற்றையும் அப்படியே விட்டு, இடையிடையே கட்டில் போட்டார்கள். ஒரு காலத்தில் மூட்டையோடு ஏறியவன் மூச்சு வாங்க நின்ற படிக்கட்டில் நின்று, வரப்போகும் விருந்தினர் படம் எடுத்துக்கொள்வார்களாம். உலகக் கிண்ணக் கால்பந்துக்கு ஊரே நிரம்பப் போகிறது, அதற்கு முன் திறந்துவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“கட்டடத்துக்கு நாங்கள் ஊம்ஷூலுங் குடுக்கிறம் அப்பா” என்று டிலானி ஒருநாள் சொன்னாள். வேலையில்லாதவனை வேறு தொழில் பழக அனுப்புவதற்கு இங்கே அதுதான் பெயர். என்னையும் அனுப்பியிருக்கிறார்கள். பாரம் தூக்கும் வண்டி ஓட்ட, பூங்கா பராமரிக்க, கடைசியாகக் கணினி பழக. ஒன்றும் ஒட்டவில்லை. களஞ்சியம் முதல் தரத்திலேயே தேறிவிட்டது.

3

வேலை அலுவலகத்தில் டேர்மின் என்கிற சந்திப்பு நேரம் கிடைத்துப் போனால் எப்போதும் ஒரே கேள்வி: கற்ற தொழில் என்ன? எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, பிறகு ஒரு கிரேக்கக் கப்பலில் துரு சுரண்டி வர்ணம் அடித்தது, பிறகு கிழக்கு பெர்லின் வழியாக உள்ளே வந்து அகதி விடுதி, பழம் பிடுங்கியது, சலவைத் தொழிற்சாலை. இதில் எதற்கும் சான்றிதழ் இல்லை. அங்கே இருக்கிற பெண் ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டு, படிவத்தின் பெட்டிக்குள் “கல்லாதவர்” என்ற பொருள் வருகிற ஒரு சொல்லைத் தட்டுவாள். கோபமாக அல்ல, மழை பெய்கிறது என்று எழுதுவது போல.

சலவைத் தொழிற்சாலை மூடப்பட்டதும், டிலானிதான் தன் ஹோட்டலில் கட்டட வேலைக்கு உதவியாள் தேடுகிறார்கள் என்று சொன்னாள். அவள் இங்கே பிறந்து, இங்கே படித்து, மூன்று வருடம் ஹோட்டல் துறையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவள். படிவத்துப் பெட்டிக்குள் அடங்குகிற தொழில் அவளுடையது.

“ஆனா அப்பா, ஒரு விஷயம்” என்று இழுத்தாள். “நீங்கள் என்ர அப்பா எண்டு அங்க சொல்லேல்லை. எங்கட சமூகத்தில தெரிஞ்ச ஒருத்தர் எண்டுதான் சொன்னனான். சொந்தக்காரரை உள்ளுக்க விடுறாள் எண்டு கதைப்பினம்.”

“அப்ப நான் உன்னை என்னெண்டு கூப்பிடுறது?”

“ஃபிராவ் அன்ரன்.”

“நீ என்னை?”

“ஹெர் சூசைப்பிள்ளை.”

திருமதி அன்ரன், திரு சூசைப்பிள்ளை. எங்கள் பெயர் முறை அன்றுதான் முதன்முதலாக உதவியது. அன்ரன் என்ற என் பெயர் அவளுடைய குடும்பப் பெயர், சூசைப்பிள்ளை என்ற என் தகப்பனின் பெயர் என்னுடைய குடும்பப் பெயர். ஒரே வீட்டில் தகப்பனுக்கும் மகளுக்கும் ஏன் வேறு வேறு குடும்பப் பெயர் என்று ஜெர்மன் அலுவலகங்கள் வருடக்கணக்காகத் தலையைச் சொறிந்திருக்கின்றன. அந்தக் குழப்பத்துக்குள் நாங்கள் இருவரும் நன்றாக ஒளிந்துகொண்டோம்.

முதல் நாள் காலை கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். “காலை வணக்கம், ஹெர் சூசைப்பிள்ளை” என்று மரியாதை ஜெர்மனில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. நல்ல தலைமுடி, நேரான முதுகு, பிழையில்லாத ஜெர்மன். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தாலும் இரண்டு மூன்று நாள் அவள் வாயில் “அப்பா” என்ற சொல் சுணங்கித்தான் வந்தது.

4

களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் துறைமுகத் தொழிலாளர்களின் சாப்பாட்டு மண்டபம் இருந்திருக்கிறது. அதில் ஓக் மரத்தில் செய்த நீண்ட மேசைகள் அப்படியே கிடந்தன. கத்தி வெட்டு, சிகரெட் சுட்ட தழும்பு, சீட்டாட்டத்துக்குப் புள்ளி போட்ட கோடுகள், யாரோ தன் பெயரின் முதலெழுத்தைக் குடைந்த குழி. அலங்காரப் பொறுப்பாளர் ஃபிராவ் லோரென்ஸ் என்ற பெண்மணி. டிலானியின் மேலதிகாரி. அவர் போகும்போதெல்லாம் அந்த மேசைகளை மாட்டைத் தடவுவது போலத் தடவிவிட்டுப் போவார். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, திங்கட்கிழமை பணம் போட்டவர்கள் பார்க்க வருகிறார்கள், இங்கேதான் காலை உணவு, மேசைகளை வடிவாகத் துப்புரவாக்கி வைக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்காதது அவர் சொல்லாமல் விட்டது. இந்த நாட்டில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கே நான் ஒரு பழைய மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹனோவர் பக்கத்துச் சின்னப் பட்டினத்தில் இருந்தபோது எங்கள் வீட்டில் இருந்த எல்லாமே தெருவில் கிடைத்தவை. வீட்டுக்காரர்கள் வேண்டாத தளபாடங்களை நடைபாதையில் வைக்கிற நாள் ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் அதைப் பெருங்குப்பை நாள் என்பார்கள். நகரசபை லொறி வருவதற்கு முன் போய்விட வேண்டும். கட்டில், அலுமாரி, கதிரை எல்லாம் அப்படி வந்தவை. அகதியாக வந்த தமிழ் வீடுகள் பலவற்றில் அப்படித்தான். ஒருவருக்கொருவர் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை.

டிலானியின் எட்டாவது பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டோம். கத்ரின் என்ற பிள்ளை மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “இது எங்கள் மேசை! என் குதிரை இங்கே ஒட்டியிருக்கிறது!” என்று கத்தினாள். கீழே ஒரு குதிரைப் படம் ஒட்டியிருந்தது உண்மை. நான் மேலே மட்டும்தான் துடைத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கேக்குக்கு முன் நின்ற டிலானியின் முகம் மட்டும் எனக்கு ஞாபகம்.

அடுத்த நாளே அந்த மேசையைக் கீழும் மேலுமாக உரஞ்சி, வெள்ளை மரம் தெரியும்வரை உரித்து, வார்னிஷ் அடித்தேன். அதன் பிறகு முந்தியவன் அடையாளத்தோடு ஒரு பலகைகூட எங்கள் வாசலுக்குள் வந்ததில்லை. மெல்ல மெல்ல மற்ற வீடுகளிலும் கூப்பிடத் தொடங்கினார்கள். “அன்ரன் அண்ணை, ஒரு அலுமாரி கொண்டு வந்திருக்கிறம், வந்து ஒருக்கா உரிச்சுத் தாங்கோ.” கற்ற தொழில் என்று எனக்கு ஒன்று இருந்தால் அதுதான்.

ஆகவே, என் மகள் வேலை செய்கிற ஹோட்டலில், பெரிய ஆட்கள் வந்து எவனோ வெட்டிய மேசையில் சாப்பிடப் போகிறார்கள் என்றால் நான் என்ன செய்வேன்? வாசல் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. சனிக்கிழமை காலை பேணாட்டைக் கூட்டிக்கொண்டு போனேன். பேணாட் விடுதிக் காலத்திலிருந்து என் கூட்டாளி, உரஞ்சும் மெஷின் அவனுடையது.

“இதென்ன அன்ரன், மேசையோ, இறைச்சி வெட்டுற குத்தியோ?” என்றான்.

“இதிலதான் திங்கட்கிழமை காசுக்காரர் காலமைச் சாப்பாடு சாப்பிடப் போகினம்.”

“பீங்கான் தேவையில்லை. அந்தக் குழிக்குள்ளயே சூப் ஊத்தலாம்.”

“கதையை விட்டிட்டு மெஷினைப் போடு.”

சனி போதாமல் ஞாயிறும் போனோம். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் ஆணி அடித்தாலே அயலவர் பொலிசைக் கூப்பிடுவார்கள். ஆனால் துறைமுகத்தில் அயலவர் இல்லை. “பூசையையும் விட்டிட்டு வந்திருக்கிறம், யேசுவே மன்னியும்” என்று பேணாட் சிலுவை போட்டுவிட்டு மெஷினை முடுக்கினான். பின்னேரம் வார்னிஷும் காய்ந்தபோது மேசைகள் வெண்ணெய் போல மினுங்கின. யன்னல் வெளிச்சம் அவற்றில் வழுக்கிக்கொண்டு போனது. உண்மையைச் சொன்னால் நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சந்தோசமாக வீடு போனேன். டிலானியிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் அவளே பார்க்கட்டும் என்று விட்டேன்.

5

திங்கட்கிழமை ஃபிராவ் லோரென்ஸ் முதலில் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்ல வந்து முதல் மேசையில் கையை வைத்தார். சுட்டது போல எடுத்துக்கொண்டார்.

கத்தவில்லை. இவர்கள் கத்தாமல் இருக்கும்போதுதான் பயப்பட வேண்டும்.

“இதற்காகத்தான் இந்தக் கட்டடத்தையே வாங்கினார்கள்” என்றார், எனக்கில்லை, மேசைக்கு. “ஒரு தலைமுறை மனிதர்கள் இருந்து தேய்த்தது. இப்போது இது கடையில் வாங்கியது போல இருக்கிறது.”

விருந்தாளிக்கு எச்சில் மேசை போடுவதில்லை என்பதை, இருபது வருடமாகப் பேசுகிற இந்த மொழியில் எப்படிச் சொல்வது?

அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போனார். அப்போதுதான் டிலானி கோப்பித் தட்டோடு உள்ளே வந்தாள். மேசைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த எட்டாவது பிறந்தநாள் முகம். இடையில் ஒரு வருடம்கூடப் போகாதது போல அதே முகம்.

நான் திறப்பை மினுங்குகிற மேசையில் வைத்துவிட்டு, கொழுவியிருந்த மேற்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

6

வேலையை விட்டால் நான் போகிற இடம் ஒன்று உண்டு. ஹம்பேர்க் பிரதான புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் நடத்துகிற பலசரக்குக் கடை. கண்ணாடிக் கதவில் வேலை, அறை, சீட்டு என்று துண்டுத் தாள்கள் ஒட்டியிருக்கும். அன்றைக்கு ஒன்று ஹனோவரில் கிளீனிங் வேலைக்கு ஆள் தேவை என்றது. தங்குமிடமும் தருவார்களாம். இலக்கத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அரிசி வாங்கவோ வந்தனீங்கள்?”

டிலானி. ஓடி வந்திருக்கிறாள். கறுப்புக் கோட்டின் பொத்தான் பூட்டவில்லை.

“எப்பிடிப் பிள்ளை இங்க...”

“அம்மாட்டக் கேட்டன். ‘வேலையை விட்டா கொப்பர் அரிசிக் கடைக் கதவைத்தான் பாத்துக்கொண்டு நிப்பார்’ எண்டவ. ஃபோன் எடுக்க ஏலாதோ உங்களுக்கு?”

“நீ ஏன் வேலை நேரத்தில வெளிக்கிட்டனீ? திரும்பிப் போ. நான் போட்டன், இனி உன்னை ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம்.”

“கேட்டவ. ‘அந்த ஆளை உனக்கு எவ்வளவு தெரியும்’ எண்டு லோரென்ஸ் கேட்டவ.”

“நீ என்ன சொன்னனீ?”

“என்ர அப்பா எண்டு சொன்னன்.”

கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

“விசரி” என்றேன். “நான் அதுக்குத்தானே எழும்பி வந்தனான்.”

“தெரியாத ஆள் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை அப்பா. கத்ரின்ர மேசையைப் பற்றியும் சொன்னன். ஏன் இப்பிடிச் செய்தவர் எண்டு அவவுக்கு விளங்க வேணுமெல்லோ.”

அவள் அதை மறந்திருப்பாள் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“அண்டைக்கு நீ வெட்கப்பட்டதை நான் பாத்தனான்” என்றேன். “பிறகு நீ ஒரு சிநேகிதியையும் வீட்டை கூட்டிக்கொண்டு வரேல்லை.”

அவள் தெருவைப் பார்த்தாள். “கூட்டிக்கொண்டு வந்தனான். கத்ரின் அடுத்த கிழமையே வந்தவள். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வேலைக்குப் போயிருந்தனீங்கள். வந்தவுடன மேசைக்குக் கீழ பூந்து குதிரையைத் தேடினவள். காணேல்லை எண்டு அழுது போட்டுப் போனவள். பிறகுதான் அவள் வரேல்லை.”

பக்கத்தில் ஒரு பேருந்து நின்று, கதவு திறந்து, மூடி, போனது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“லோரென்ஸ் என்ன முடிவு சொன்னவ?” என்று கேட்டேன்.

“திறப்பு விழாவுக்கு முதல் மேசையள் திரும்பப் பழசா வேணுமாம். அப்பிடி வந்தா நான் இருக்கலாம். வராட்டி, தகுதிகாண் காலம் அதோட முடியும்.”

“திரும்பப் பழசாவோ? பழசு என்ன, கடையில விக்கிற சாமானோ?”

“விக்கினம் அப்பா. வில்ஹெல்ம்ஸ்பூர்க்கில ஹெர் கோவாலிக் எண்டு ஒரு தச்சர் இருக்கிறார். புது மரத்தைப் பழசாக்கி ஹோட்டலுகளுக்குக் குடுக்கிறவர். காசுக்காரர் போனாப்பிறகு, பின்னேரம் மேசையளை ஏத்துறார். ஆனா அவரிட்ட ஆள் காணாதாம். தனிய எண்டா சொன்ன நாளுக்குள்ள முடிக்க ஏலாது எண்டிட்டார்.” கோட்டின் பொத்தானைப் பூட்டினாள். “நாளைக்குக் காலமை ஒருத்தர் வருவார் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஆரைக் கேட்டுச் சொன்னனீ?”

“உங்களைக் கேட்டா நீங்கள் ஹனோவருக்குப் போயிடுவியள்.”

கதவில் ஒட்டியிருந்த தாளை அவளும் வாசித்திருக்கிறாள். கடைக்குள் போய் இரண்டு ரோல்ஸ் வாங்கி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். நின்றபடியே சாப்பிட்டோம். எஸ்-பான் ரயில் மேடையில் அவள் என்னைப் பார்க்காமல், மரியாதை ஜெர்மனில், “ஹெர் சூசைப்பிள்ளை, பயணச்சீட்டு எடுத்துவிட்டீர்களா?” என்று கேட்டாள். இந்த முறை இருவரும் சிரித்தோம். சிரித்து முடிய அவள் தலையை என் தோளில் வைக்கவில்லை, அப்படியெல்லாம் செய்கிற பிள்ளை இல்லை. என் மேற்சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

வீட்டில் மனைவி றீற்றா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “திரும்பவும் விட்டிட்டியளோ?”

“இல்லை. இடம் மாத்திப்போட்டினம்” என்றேன்.

7

மறுநாள் காலை வில்ஹெல்ம்ஸ்பூர்க்கில் இறங்கி, தொழிற்சாலை மதில்களை ஒட்டி நடந்து போனேன். கோவாலிக் போலந்திலிருந்து வந்தவர். அவருடைய ஜெர்மன் என்னுடையதைப் போலவே ஒட்டுப் போட்டது. அதனால் இருவருக்கும் விளங்கியது. பட்டறைக்குள் வினாகிரி மணம். ஒரு வாளியில் இரும்புக் கம்பளி வினாகிரியில் ஊறிக் கறுத்திருந்தது, இன்னொன்றில் சாயம் முறுகிய தேயிலைத் தண்ணீர். வார்னிஷை உரித்துவிட்டு, முதலில் தேயிலை, பிறகு வினாகிரி பூசினால் ஓக் மரம் கண்ணெதிரே கிழவனாகும் என்றார். அது பிந்தி. அடி முந்தி.

நடுவில் என் மேசை மினுங்கிக்கொண்டு நின்றது.

“கற்ற தொழில் என்ன?” என்று கேட்டார்.

“ஒன்றும் இல்லை.”

“நல்லது. மறக்க வேண்டியதும் இல்லை.” ஒரு பழைய சைக்கிள் சங்கிலியை என் கையில் தந்தார். “அடி.”

அடித்தேன். மேலிருந்து கீழாக, ஒரு சாண் இடைவெளி விட்டு, வர்ணம் அடிப்பது போல ஒழுங்காக. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து நிறுத்தினார். “இப்படி வரிசையாக யாரும் வாழ்வதில்லை. யார் இதிலே இருந்தான்? முதலில் அதை யோசி. பிறகு அடி.”

அவர் தன் வேலைக்குப் போய்விட்டார். நான் ஒரு கதிரையை இழுத்து மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்தேன். கையை மேசையில் வைத்துப் பார்த்தேன். வழுவழுப்பு. நான்தான் ஆக்கினேன். இந்த இடத்தில் ஒருவன் வந்து இருந்திருப்பான். தோள் காய்த்தவன். பசியில் கத்தியை வைக்கவில்லை, போட்டான். இடது கைக்காரன், அதனால் வெட்டு இந்தப் பக்கம். கோப்பி வரும்வரை குவளையின் அடியால் தட்டிக்கொண்டே இருந்தான். வீட்டிலிருந்து கடிதம் வராத நாட்களில் இன்னும் கொஞ்சம் பலமாக.

எழுந்து சங்கிலியை ஓங்கினேன். வார்னிஷ் வெடித்து, மரம் உள்வாங்கியது. விரலால் தடவிப் பார்த்தேன். அங்கே ஒருவன் சாப்பிட்டிருக்கிறான் என்று இப்போது நம்பலாம்.

மேசை நீளமாக இருந்தது. கதிரையைத் தூக்கி அடுத்த ஆளின் இடத்தில் வைத்தேன்.